குறிப்பு: தெளிவு

பதிவேட்டில் ஐந்து கட்டம்.
தேதி, மணி, அடிக்கணக்கில் நீர்மட்டம்,
கசிவு வாய்க்காலின் அளவு மில்லிமீட்டரில்,
கடைசியாகக் குறிப்பு.
ஏழு வருஷமாக அங்கே நான் எழுதுவது ஒரே சொல்:
தெளிவு.

அணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்.
களக்காட்டு மலை கையை நீட்டி மடக்கும் இடத்தில்
நாற்பத்திரண்டடி மண்கரை.
பூங்கா கிடையாது, மீன் பொரிக்கிற கடை கிடையாது.
படம் பிடிக்க வந்த பையன்கள் இருவர்
"இது குளம்லா?" என்று திரும்பிப் போனார்கள்.
இதிலிருந்து ஆறு அங்குலக் குழாய் ஒன்று புறப்படும்.
அதன் மறுமுனை பனையடியூர்.
ஐந்தரைக்கு இருமுகிற தெருக்குழாய்,
பீடித்தட்டை மடியில் வைக்குமுன்
ரெண்டு குடமாவது பிடிக்க ஓடும் நூற்றுப் பதினாறு வீடு,
சுகாதார நிலையத்துப் பிரசவ அறைத் தொட்டி.
இவ்வளவுதான் இதன் வேலை.

கரை உடைந்தால் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் ஊரும்
அதேதான்.
குழாய் வழியே நாற்பது நிமிஷம்.
கரை வழியே பதினொன்று.
கணக்குப் போட்ட காகிதத்தை
பதிவேட்டில் ஒட்டாமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

கசிகிறதா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
மண்கரை என்றால் கசியும்.
என்ன நிறத்தில் என்பதுதான் கேள்வி.

நண்டு வளையைக் குத்தி அடைப்பேன்.
உடைமரக் கன்றை வேர்பிடிக்குமுன் பிடுங்குவேன்.
"நிழலுக்கு ஒண்ணையாவது விடும்வே" என்பார்
ஆடு மேய்க்கும் மாசானம்.
மேலே நிழல், உள்ளே ஓட்டை வே.

கார்த்திகை பதினேழு, ராத்திரி இரண்டே கால்.
மழை சாய்ந்து அடித்தது.
பாட்டிலில் பிடித்து அதன் முதுகில் டார்ச்சை வைத்தேன்.
இரண்டாம் தரம் களைந்த அரிசித் தண்ணீர் போல ஒரு மங்கல்.
கரைச்சரிவில் வழிந்த மழையாக இருக்கும் என்றது மனசு.
மனசுக்குத் தூக்கம் வேண்டும்.
வாய்க்காலுக்கு மேல் தார்ப்பாய் கட்டி
மழையைத் தள்ளி நிறுத்தி
மறுபடி பிடித்தேன்.
மறுபடி.
நாலரைக்கு, ஷெட் ஜன்னலில் மூன்று பாட்டில்.
மூன்றின் அடியிலும்
நகக்கண் அழுக்கின் அளவுக்கு மண்.
என் கரை என்னிடம் சொல்லாமல்
பொடிப்பொடியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

விடிவதற்குள் ஊர் சிமெண்டு மூட்டையோடு வந்துவிட்டது.
"அடைங்க, ஓட்டைய அடைங்க!"
உதவிப் பொறியாளர் சங்கரவடிவு
முழங்கால் சேற்றில் நின்று குரல் கிழியக் கத்தினார்:
"அடைக்காதீங்க! அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கிடும்.
தண்ணி போட்டும்.
மண்ணு போகப்பிடாது."
முதலில் ஆற்றுமணல்,
மேலே பொடிஜல்லி, அதற்கு மேல் முக்கால் ஜல்லி,
பாரத்துக்குக் கல்.
ஷட்டரையும் திறக்கச் சொன்னார்.
ராத்திரிக்குள் மூன்றடி இறக்கியாக வேண்டும்.
ஓடையில் போகிற தண்ணீரைப் பார்த்து
மூட்டை சுமந்து வந்த இசக்கியப்பன்
வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

காலி அணை உடையாது.
காலி அணையில் குடமும் நிறையாது.
ரெண்டுக்கும் நடுவே எங்கேயோ
சுண்ணாம்புக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு
சம்பளம் வாங்குகிறோம்.

மறுநாள் மூன்றரை மணி. பதினான்காவது பாட்டில்.
டார்ச்சின் வெளிச்சம் முழுசாக இந்தப் பக்கம் வந்தது.

சித்திரையில் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்.
சைக்கிளை மறித்தாள் உலகம்மாள்.
"மூணடித் தண்ணிய ஓடையில விட்ட மகராசன் நீருதான?"
ஆமாம் என்றேன்.
நடக்காத ஒன்றை எந்த விரலால் காட்டுவது?
அவள் வைததில் பாதி நியாயம்.
மீதிப் பாதி சுவாரஸ்யம்.
கேட்டுக்கொண்டே நின்ற என் கண்
தன்பாட்டுக்கு அவள் இடுப்புக் குடத்துக்குள் எட்டிப் பார்த்தது.
அடிவரை தெரிந்தது.

"என்னத்தப் பாக்கீரு?" என்றாள்.